கண்ணாடிக்குள் அழுதவள்

சாரல் பிடித்துவிட்டால் எங்கள் மேலகரத்து வீட்டின் நடு அறையில் ஒரு வாசனை எழும். ஈரத்தில் ஊறிய மரச்சட்டமும், பழைய கற்பூரப் புகையும், போன வெள்ளிக்கிழமை சாத்திய செவ்வந்தியின் அழுகலும் கலந்த வாசனை அது. அந்த வாசனை வந்த ஓரிரு நாளில், மேற்குச் சுவரில் மாட்டியிருந்த படத்தின் கண்ணாடிக்கு உட்புறம் பொடிப்பொடியாக வியர்க்கும். துளிகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து கனத்து, படத்தில் இருந்த பெண்ணின் நெற்றி வழியே மெல்ல இறங்கி, கண்ணருகில் வந்து நின்றுகொள்ளும். அதற்கு மேல் இறங்காமல் அங்கேயே நடுங்கும். வீட்டில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு அதையே பார்ப்போம். பெரியப்பா தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, தணிந்த குரலில் சொல்வார்: "செண்பகம் அழுவுதா."

செண்பகம் என் அப்பாவின் தங்கை. நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே மஞ்சள்காமாலையில் இறந்துபோனவள். கல்யாணம் ஆகாமல் இறந்த பெண்ணை எங்கள் பக்கத்தில் 'கன்னி' என்பார்கள். அவளை வெளியே அலையவிடாமல் வீட்டுக்குள்ளேயே இருத்தி, வேண்டியதைச் செய்துவந்தால் குடும்பத்தைக் காப்பாள். மறந்துவிட்டால் குடும்பத்தை ஒரு கை பார்த்துவிடுவாள் என்பது நம்பிக்கை. ஓர் ஓலைப்பெட்டியில் பாவாடை, தாவணி, ரிப்பன், கண்ணாடி வளையல் எல்லாம் அவளுக்கென்று இருக்கும். ஆடி மாதக் கடைசி வெள்ளியில் அதில் புதுசு வைத்துவிட்டு, பழசை வீட்டிலுள்ள பெண்பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார்கள். எங்கள் வீட்டுப் பெண்பிள்ளை நான். ஒரு வருஷம் முழுக்க இறந்துபோன ஒருத்திக்காக மடித்துவைத்திருந்த பாவாடையைத்தான் நான் தீபாவளிக்குப் போட்டுக்கொள்வேன். யாரும் உடுத்தாத துணிதான். ஆனாலும் எனக்கு முன்னால் அது வேறொருத்திக்குச் சொந்தமாக இருந்தது என்பதை என் உடம்பு ஒருநாளும் மறந்ததில்லை.

மற்ற வீட்டுக் கன்னிகளுக்குப் பெட்டியோடு சரி. எங்கள் வீட்டில் மட்டும் படம் இருந்தது. உயிரோடு இருந்தபோது செண்பகத்தை யாரும் போட்டோ எடுக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்ட வேண்டிவரும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்கள். எங்களைப் போன்ற வீடுகளில் அந்தக் காலத்தில் ஒரு பெண்ணின் முகத்துக்கு முதன்முதலாகத் தேவை வருவதே அப்போதுதான். அவள் செத்த பிறகு வீட்டில் வரிசையாக ஏதேதோ நடக்க, குறி சொல்லுகிறவள் ஒருத்தி 'அவளுக்கு ஒரு முகம் குடுங்க' என்று சொன்னாளாம். குற்றாலத்தில் லாட்ஜ் சுவர்களிலும் கடைப் பலகைகளிலும் படம் எழுதிக்கொண்டிருந்த தென்காசிக்காரர் ஒருவரைப் பெரியப்பா அழைத்து வந்தார். போட்டோ இல்லாமல் எப்படி எழுதினார் என்று சின்ன வயதில் நான் கேட்டிருக்கிறேன். "சொல்லச் சொல்ல எழுதுனாரு" என்று பெரியப்பா முடித்துவிடுவார்.

அந்தப் படத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டும். கெட்டி அட்டையில் எண்ணெய்ச் சாயத்தில் எழுதியது. பச்சைத் தாவணி உடுத்திய பெண் இடுப்பளவு தெரிவாள். பின்னால் ஓர் அருவி விழும். அவர் எல்லா லாட்ஜ் சுவரிலும் எழுதிய அதே அருவி. வலது தோளில் ஒரு கிளி. மெலிந்த முகம். கன்னத்து எலும்பு லேசாகத் துருத்தியிருக்கும். உதடு சிரிப்பதா இறுக்குவதா என்று தெரியாத ஒரு நிலையில் இருக்கும். கண்ணை மட்டும் அவர் சாயத்தை அப்பித் தடிமனாக எழுதியிருந்தார். இமை மேடு கட்டி நிற்கும். இடது கை மார்புக்கருகே மூடியிருக்கும். விரல்கள் உள்ளே எதையோ பொத்திப் பிடித்திருப்பதுபோல இறுகியிருக்கும். கற்பூரப் புகை படக் கூடாது என்று பெரியப்பா அதற்குக் கண்ணாடி போட்டுவைத்தார்.

அந்தப் படத்தைப் படிப்பதுதான் பெரியப்பாவின் வேலை. குற்றாலத்தில் எங்களுக்கு ஒரு சீசன் கடை உண்டு. அப்பா தேங்காய் எண்ணெயில் நேந்திரங்காய் சிப்ஸ் போடுவார். பெரியப்பா முன்னால் உட்கார்ந்து குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெயும் சீயக்காயும் துண்டும் விற்பார். ஆனால் தெருவில் அவருக்கு இருந்த மரியாதை கடையால் வந்ததல்ல. "அண்ணாச்சி, செண்பகத்துட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க" என்று ஆட்கள் வந்து நிற்பார்கள். அவர் படத்தின் முன்னால் கால் மடக்கி உட்கார்ந்து வெகுநேரம் பார்ப்பார். அருவியில் தண்ணீர் ஒடுங்கித் தெரிந்தால் சீசன் படுக்கும். கிளி பளிச்சென்று இருந்தால் வெளியூரிலிருந்து நல்ல சேதி. உதடு தெளிந்திருந்தால் சம்மதம். மூடிய கைக்குத்தான் பெரிய விளக்கம் வைத்திருந்தார். "இந்தக் குடும்பத்துக்கு உள்ளத அவ பொத்தி வச்சிருக்கா. நேரம் வரும்போது கையத் தொறப்பா." பெரியப்பா மகன் கணேசன் அண்ணன் ஒருமுறை, "தொறக்கதுக்குள்ள நமக்குப் பல்லு போயிரும்ப்பா" என்று சொல்லி முதுகில் ஓர் அடி வாங்கினான். வீடு வாங்குவது, மாடு விற்பது, பெண் கொடுப்பது எல்லாவற்றுக்கும் அந்த முகத்தைத்தான் கேட்டார்கள். ஆண்பிள்ளைகளின் படிப்புக்கு மட்டும் கேட்க மாட்டார்கள். கணேசன் அண்ணன் யார் சம்மதமும் இல்லாமல் பள்ளிக்கூடம் போனான். யார் சம்மதமும் இல்லாமல் ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டான்.

என் படிப்புக்குக் கேட்டார்கள். இங்கேதான் நான் பிறந்த ஊரின் மேல் எனக்கு இன்றும் ஒரு கசப்பு இருக்கிறது. எங்கள் ஊரில் சாரல் பிடிக்கும் மாதமும் பள்ளிக்கூடம் திறக்கும் மாதமும் ஒன்று. செங்கோட்டைக் கணவாய் வழியே காற்று ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து மேற்குச் சுவரில் அறையும். சுவர் நனையும், சட்டம் நனையும், கண்ணாடிக்குள் வியர்க்கும். வழிந்து இறங்கும் துளிக்கு நெற்றியில் தடையில்லை. சாயம் தடித்திருந்த கண்ணில்தான் தடை. அதனால் அங்கே நிற்கும். அவ்வளவுதான் விஷயம். தை மாதத்திலோ மாசி மாதத்திலோ பள்ளிக்கூடம் திறந்திருந்தால் செண்பகம் காய்ந்த முகத்தோடு என்னைச் சிரித்து அனுப்பிவைத்திருப்பாள். ஆனியில் திறந்ததால் ஒவ்வொரு வருஷமும் அழுதாள். ஆறாம் வகுப்புக்குத் தென்காசிப் பள்ளிக்கு மாற வேண்டிய வருஷம் பெரியப்பா படத்தைப் பார்த்துவிட்டு, "வேண்டாம்ட்டி. பிள்ளைய பஸ்ஸுல அனுப்ப அவளுக்கு மனசில்ல" என்றார். நான் அழுதேன். அதை யாரும் படிக்கவில்லை.

ஆனாலும் நான் போனேன். எப்படிப் போனேன் என்பது வெகுநாள் எனக்கே விளங்கவில்லை. மழை கொஞ்சம் வெறித்து, ஒரு காலையில் படத்தின் முகம் திடீரென்று துடைத்துவிட்டதுபோல இருக்கும். அன்றைக்கு அம்மா அப்பாவிடம் ஏதோ சொல்ல, அப்பா பெரியப்பாவிடம் இழுத்து இழுத்துப் பேச, பெரியப்பா படத்தைப் பார்த்துவிட்டு, "இப்ப தெளிஞ்சிருக்கா. சரி, போய்ட்டு வரட்டும்" என்பார். அதற்குள் பள்ளி திறந்து வாரங்கள் ஓடியிருக்கும். எந்த வகுப்பிலும் வருகைப் பதிவில் என் பெயர் கடைசியில்தான் இருந்தது. எட்டாம் வகுப்பில் நீராவி, குளிர்தல் பாடம் படித்த பிறகுதான் வீட்டில் நடப்பதை ஒழுங்காகக் கவனித்தேன். அம்மா அந்த நாட்களில் குத்துவிளக்கை வழக்கமான இடத்திலிருந்து நகர்த்தி, படத்துக்கு நேர் கீழே, சட்டத்தை ஒட்டினாற்போல வைப்பாள். திரியைத் தடிமனாகத் திரிப்பாள். சாம்பிராணித் தட்டில் நெருப்புக் கங்குகளை நிறையப் போட்டு அதையும் கீழே வைப்பாள். "என்ன இன்னைக்கு இவ்வளவு பக்தி?" என்று அப்பா கேட்டால், "கன்னிக்குக் குளுருதுல்லா" என்பாள். சூட்டில் கண்ணாடி காயும். கண்ணீர் வற்றும்.

என் அம்மா கோமதி, அப்பாவுக்கு மாமன் மகள், வாசுதேவநல்லூர்ப் பக்கம். பெரியப்பாவுக்கு எதிரே நின்று அவள் பேசி நான் பார்த்ததில்லை. அடுப்படி நிலையில் பாதி உடம்பு மறைய நின்று, கேட்டதற்குப் பதில் சொல்வாள். பெரும்பாலும் கேட்க மாட்டார்கள். இருட்டுவதற்கு முன் அந்தப் படத்துக்கு விளக்கேற்றும் வேலை மட்டும் அவளுடையது. விளக்கேற்றிவிட்டுக் கும்பிட மாட்டாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விடுவாள். அதை நான் களைப்பு என்று நினைத்திருந்தேன்.

பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கினேன். எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான்தான். இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்ளும் பழக்கம் எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். திங்கள்கிழமைக்குள் சேர்ந்துவிட வேண்டும். அந்த வருஷம் சாரல் முந்திக்கொண்டு வந்து விடாமல் அடித்தது. அருவியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டுவிட்டதால் கடையைச் சாத்திவிட்டு ஆண்களெல்லாம் வீட்டில் இருந்தார்கள். அம்மா விளக்கை நகர்த்தினாள், கங்குகளைக் கொட்டினாள். சுவரே ஊறிக் கிடந்தபோது விளக்கு என்ன செய்யும்? வெள்ளிக்கிழமை காலையில் படத்துப் பெண்ணின் கண்ணில் தேங்கிய தண்ணீர், இதுவரை இல்லாத வகையில், கன்னம் முழுக்க வழிந்திருந்தது.

பெரியப்பா துண்டை இடுப்பில் கட்டினார். "பாத்தியளா? இந்த மட்டுக்கு அவ என்னைக்கும் அழுததில்ல. பிள்ளைய ஊரு தாண்டி அனுப்பாதியன்னு சொல்லுதா."

"எடம் கெடச்சிருக்குண்ணே. விட்டா பெறகு கெடைக்காது" என்றார் அப்பா, தரையைப் பார்த்துக்கொண்டு.

"எடம் பெருசா, அவ பெருசாலே? நானா சொல்லுதேன்? அவல்லா சொல்லுதா."

அது அவருடைய வழக்கம். எதையும் அவர் சொல்ல மாட்டார், அவள்தான் சொல்வாள். அவரோடு சண்டை போடலாம். செத்தவளோடு எப்படிப் போடுவது? நான் வாயைத் திறக்கும் முன் அடுப்படி நிலையிலிருந்து குரல் வந்தது.

"பெரியத்தான், அது செண்பகம் மூஞ்சி இல்ல. என் மூஞ்சி."

அம்மா ஏதோ உருக்கமாகச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் அப்பா நிமிரவில்லை. கணேசன் அண்ணன் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டான். பெரியப்பாவின் முகத்தில் ஆச்சரியமே இல்லை. அந்த அறையில் அதைக் கேட்டு அதிர்ந்தவள் நான் ஒருத்திதான். மற்ற எல்லோருக்கும் அது எப்போதுமே தெரிந்திருந்தது.

பெரியப்பா சிரித்தார். "இருக்கட்டுமே. சாயல் ஒத்துருக்குன்னு ஒன்னய உக்கார வச்சோம், அவரு எழுதுனாரு. கண்ணு தொறந்து பூசை வச்ச பொறவு அது ஓம் மூஞ்சியாட்டி? சாமி செலைக்குக் கல்லு குடுத்தவன் எனக்கும் கற்பூரம் காட்டுங்கன்னு வந்து நிப்பானா?"

"கல்லுக்கு வாயில்ல பெரியத்தான். எனக்கு இருக்கு. இத்தன வருசமா என் மூஞ்சிட்டதான கேட்டிய. இன்னைக்கு என்ட்ட கேளுங்க."

"என்னத்த கேக்க?"

"பிள்ளைய அனுப்பலாமான்னு கேளுங்க. அனுப்புங்கன்னு சொல்லுதேன்."

பெரியப்பா அவளை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஒன்ட்ட யாருட்டி கேட்டா?"

அம்மா முக்காலியை இழுத்துப் போட்டு ஏறிப் படத்தைக் கழற்றினாள். "எட்டி, என்ன செய்யுத?" என்று அவர் எழுந்திருப்பதற்குள் அதைத் தரையில் கவிழ்த்து, காய் நறுக்கும் கத்தியால் பின்பக்கத்து ஆணிகளை நெம்பிவிட்டாள். "அழுகையத் தொடச்சிட்டு நல்லாப் பாருங்க. பாத்துட்டு பொறவு சொல்லுங்க." துடைக்க வேண்டும் என்பது மட்டும்தான் அவள் எண்ணம். முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு, நிமிர்த்தி, சட்டத்தை விலக்கிவிட்டுக் கண்ணாடியைத் தூக்கினாள். ஈரத்துணியைக் கிழிப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது.

வருஷக்கணக்கான ஈரத்தில் கண்ணின் தடித்த சாயம் கண்ணாடியோடு ஒட்டி, முகத்துச் சாயம் முழுக்க அட்டையை விட்டு எழும்பியிருந்தது யாருக்கும் தெரியாது. முகம் முழுவதும் கண்ணாடியோடு வந்துவிட்டது. அட்டையில் அருவி இருந்தது, கிளி இருந்தது, பச்சைத் தாவணியும் மூடிய கையும் இருந்தன. கழுத்துக்கு மேலே பழுப்பு அட்டைதான் தெரிந்தது. அம்மா கையில் இருந்த கண்ணாடியில் ஒரு முகம் செதில் செதிலாக ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள். செதில்கள் அவள் மணிக்கட்டில் உதிர்ந்தன.

அன்று பகலில் பெரியப்பா கண்ணாடியையும் அட்டையையும் மஞ்சள் துணியில் சுற்றி, ஒரு சாவுக்குப் போவதுபோலத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, சிற்றாற்றில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். திங்கள்கிழமை காலையில் நான் பெட்டியோடு கிளம்பினேன். போகாதே என்று சொல்ல வேண்டியவளின் வாயைத்தான் காணவில்லையே.

திருநெல்வேலி பஸ்ஸில் அம்மா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். பாவூர்ச்சத்திரம் தாண்டியதும் நான்தான் கேட்டேன், படத்தில் அந்த முகம் ஏன் அப்படி இருந்தது என்று. கன்னிக்குரிய சாந்தம், குடும்பத்தை நினைத்த ஏக்கம், பிறவாத பிள்ளைகளுக்கான தாபம் என்று பெரியப்பா எத்தனை சொல்லியிருப்பார்!

"பசிட்டி" என்றாள் அம்மா. "சாமி படத்துக்கு உக்காருதவ விரதம் இருக்கணும்னுட்டாவ. செத்தவ தாவணிய உடுத்தி விட்டாவ. அவ கெடந்து செத்த அந்த ரூமுலயே உக்கார வச்சாவ. எனக்குப் பயத்துல ஒண்ணுக்கு வருது, அசையக் கூடாதுங்காவ. சிரிக்கவா செய்வேன்?"

"கையில என்ன வச்சிருந்த?"

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "கருப்பட்டி. படம் எழுதுத அண்ணாச்சி மடியில முடிஞ்சு கொண்டாந்து குடுத்தாரு. திங்கப் போறேன், ஒங்க பெரியப்பா உள்ள வந்துட்டாரு. பொத்திக்கிட்டேன். அவரு நல்ல மனுசன். கையத் தொறன்னு சொல்லல. அப்படியே எழுதிட்டாரு."

குடும்பத்தின் செல்வமெல்லாம் அடங்கிய கை அது. எத்தனை பேர் அதன் முன்னால் விழுந்து கும்பிட்டிருக்கிறார்கள்!

அப்போது அம்மா ஆறாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாளாம். கணக்கு நன்றாக வருமாம். படம் எழுதி முடிந்ததும் திரும்பப் பள்ளிக்கூடத்துக்குப் போனாயா என்று கேட்டேன். "சாமி மூஞ்சி தெருவுல அலையக் கூடாதுன்னுட்டாவ" என்றாள். வயது வந்ததும், அந்த முகம் வேறு வீட்டுக்குப் போய்விடக் கூடாது என்று அப்பாவுக்குக் கட்டிவைத்தார்கள். பிறகு அவள் தன் முகத்துக்குத் தானே விளக்கேற்றினாள். தன் மகளை அனுப்பலாமா என்று மற்றவர்கள் தன் முகத்தைக் கேட்க, தன்னுடைய பதிலை இன்னொருவர் வாயால் கேட்டுக்கொண்டு, அடுப்படியில் நின்றாள்.

கல்லூரியில் ஒரு வகுப்பில், அயல்நாட்டு ஓவியர் ஒருவர் வரைந்த பெண்ணின் படத்தைத் திரையில் காட்டி, அதன் மனநிலையையும் குறியீடுகளையும் விளக்கி எழுதச் சொன்னார்கள். உடன் படித்தவர்கள் திணறினார்கள். எனக்கு அது கை வந்த கலை. சாயலையும் நிழலையும் கை வைத்திருக்கும் விதத்தையும் வைத்துப் பக்கம் பக்கமாக எழுதிவிடுவேன். எழுதிக் கொடுத்தேன், நல்ல மதிப்பெண் வந்தது. ஆனால் எழுதும்போது ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தப் பெண் அன்றைக்குச் சாப்பிட்டிருந்தாளா? யாருடைய உடையை அவளுக்கு உடுத்தினார்கள்? எழுந்து போகிறேன் என்று அவள் சொல்லியிருந்தால் விட்டிருப்பார்களா? வகுப்பில் இதைக் கேட்டேன். ஓவியத்துக்கு வெளியே போகாதீர்கள் என்றார் ஆசிரியர். நல்ல மனிதர்தான். எங்கள் பெரியப்பாவும் அதைத்தான் சொன்னார்.

அம்மா திரும்பிப் போன வீட்டில் அதன் பிறகு அவள் 'மூஞ்சிய உரிச்சவ' ஆனாள். அவள் விளக்கைத் தொடக் கூடாது. ஓலைப்பெட்டி இருந்த பக்கம் போகக் கூடாது. ஒரு சீசன் தண்ணீர் இல்லாமல் படுத்தபோது அவளால் படுத்தது; அடுத்த சீசன் வெள்ளத்தால் கெட்டபோதும் அவளால் கெட்டது. அப்பா நெஞ்சுவலியில் போனபோது, பிணத்தைச் சுற்றி நின்றவர்களில் ஒருவர் அவள் காதுபடவே, "செண்பகம் எடுத்துக்கிட்டா" என்றார். எனக்கு வேலை கிடைத்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது தென்காசியில் ஒரு மாடி வீட்டில் நாங்கள் இருவரும் இருக்கிறோம். நான் பள்ளியில் ஆசிரியை. அம்மாவின் இளவயதுப் போட்டோ ஒன்றுகூட இல்லை. ஆதார் அட்டையில் இருப்பதுதான் அவளுடைய ஆகப் பழைய முகம். அவளைச் சிறுமியாகக் காட்டிய ஒரே படம் சிற்றாற்றோடு போய்விட்டது. நான் படித்த படிப்புக்கு அதுதான் விலை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஆனால் மறுத்துச் சொல்லவும் வார்த்தை வராது.

இந்தச் சாரலில் கணேசன் அண்ணன் போன் பண்ணினான். அவன் மகள் மகேஸ் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள். "உள்ளூர்ல பத்தோட சரி, பதினொண்ணுக்குத் தென்காசிக்கு அப்பா அனுப்ப மாட்டேங்காரு. கேக்கதுக்கு மொகம் இல்லாம எப்படி அனுப்பங்காரு. ஸ்டுடியோவுல சொல்லியிருக்கேன், கம்ப்யூட்டர்ல பழைய படம் மாதிரியே பண்ணித் தருவானாம். சாயல் ஒனக்குத்தான் இருக்கு. ஒரு போட்டோ அனுப்பு. நல்லா சிரிச்சாப்புல அனுப்புட்டி, அப்பா ஒடனே சரின்னுருவாரு."

ஒரு நிமிஷம் யோசித்தேன் என்பதை மறைக்க மாட்டேன். ஒரு சிரிப்பால் ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் போகும் என்றால் கொடுத்துவிட்டுப் போகலாமே என்று தோன்றியது. அம்மாவிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "அனுப்பாத" என்றாள். "நீ எப்படிச் சிரிச்சாலும் சாரலுக்கு நீயும் அழுவ."

போட்டோ அனுப்பவில்லை. பதிலாக நானே போனேன். மேலகரத்து வீட்டில் இப்போது நிறைய மாறிவிட்டது. அடுப்படி இடித்துக் கட்டியிருக்கிறார்கள், ஓட்டுக்குப் பதில் கான்கிரீட். ஓலைப்பெட்டி இருந்த பரணும் குத்துவிளக்கு நின்ற மாடமும் இல்லை. மேற்குச் சுவரை மட்டும் தொடவில்லை. படம் இருந்த இடத்தில் சட்டத்தின் அளவுக்கு ஒரு வெளிறிய சதுரம். அதன் நடுவே சாரல் ஊறிக் கருத்திருந்தது. பெரியப்பா அதற்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உடம்பு சுருங்கிவிட்டது. நான் அவருக்கும் சுவருக்கும் நடுவே போய் நின்றேன்.

"மொகம் வேணும்னு கேட்டியளாமே பெரியப்பா. கொண்டு வந்திருக்கேன். கேளுங்க."

அவர் தலையைக் கொஞ்சம் சாய்த்து, என் தோளுக்கு மேலாகச் சுவரைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "இன்னைக்கு மொகம் சரியில்ல" என்றார்.

நான் உள் பக்கம் திரும்பினேன். மகேஸ் உள் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அந்தப் படத்தைக் கழற்றியபோது அவள் சின்னக் குழந்தை. பார்த்த ஞாபகம்கூட இருக்க வழியில்லை. "சான்றிதழ எடுத்துட்டு வாட்டி. நான் கொண்டு சேக்கேன். எங்க வீட்டுலயே இரு, அங்கன இருந்தே போ" என்றேன். கணேசன் அண்ணன் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவன் மகளைப் பார்த்தான். கண்ணால் போ என்றுகூடச் சொன்னான். பெரியப்பாவும் தடுக்கவில்லை. அவர் தடுக்கவே வேண்டியிருக்கவில்லை.

மகேஸ் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தாள்.

"வேண்டாம் அத்த" என்றாள். "நான் போனா அவ அழுவா."

சொல்லிவிட்டு உள்ளே போனாள். நேந்திரங்காய் சீவும் சத்தம் கேட்கத் தொடங்கியது.